சிலம்போசை அல்ல, குளம்போசை

அனுப்புநர்
போரில் இறந்த கவிஞருக்கு மனைவியாக இருந்தவள்,
இப்போது பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
நினைவுப் பூங்காவுக்கு எதிர்க் கட்டடம், மூக்குக்கண்ணாடிக் கடை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மாடி.
(நேரில் கொடுக்கப்படுகிறது. பண்பாட்டுப் பிரிவு வழியாக அனுப்ப வேண்டாம்.)

பொருள்: நினைவுப் பூங்கா – கவிஞரின் மார்பளவுச் சிலை – அதன் அடியில் உள்ள கவிதை என்னைப் பற்றியது அல்ல, ஒரு கோவேறு கழுதையைப் பற்றியது – மாற்றிய சொற்களையும் வெட்டிய வரிகளையும் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் நான் கொடுத்த முந்தைய மனுக்கள். 2. நினைவு நாள் நிகழ்ச்சிக்கு இடையூறு செய்ததாக எனக்கு வந்த அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களைப் பணிவாக எழுதினேன். அவற்றுக்குக் கிடைத்த பலனைக் கீழே காண்பீர்கள். இதையும் பணிவாகவே எழுத முயல்கிறேன்.

1. பட்டாளத்துக்குப் போவதற்கு முன் கவிஞர் இந்த ஊரில் குடிநீர்க் குழாய் பழுதுபார்த்தவர். தோண்டிய பள்ளத்துக்குள் நின்றபடியே கவிதை சொல்வார். மேலே நிற்பவர்கள் ஸ்பேனரை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். போர் வந்தபோது அழைப்பு வந்தது, போனார். குழாய் வேலை தெரிந்தவர் என்பதால் மலைமேல் இருந்த காவல்சாவடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே குழாய் கிடையாது. ஒரு கோவேறு கழுதை இருந்தது.

2. அந்தக் கழுதை சேற்றில் கால் வைக்காது, அதட்டினால் நகராது, மரியாதையாகக் கூப்பிட்டால்தான் நடக்கும். அதனால் அதற்குச் ‘சீமாட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அதற்கு எழுதிய கவிதை இதுதான். அவர் இறந்த பிறகு நண்பர்கள் அச்சிட்ட புத்தகத்தில், தலைப்புக்குக் கீழேயே ‘எங்கள் கோவேறு கழுதைக்கு’ என்று போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் தங்கள் நகராட்சி நூலகத்தில் இருக்கிறது.

சீமாட்டி,
உன் குளம்போசை கேட்டால்
எங்களுக்கு உயிர் வரும்.
உன் முதுகில் எங்கள் தண்ணீர்,
உன் வாலில் எங்கள் ஈக்கள்.
யாருடைய மலை இது என்று
நீ ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
நானும் உன்னோடு திரும்பி நடந்திருப்பேன்.

3. பூங்காவில் சிலைக்குக் கீழே வைத்திருக்கும் பலகையில் உள்ளது இது:

சீமாட்டி,
உன் சிலம்போசை கேட்டால்
எனக்கு உயிர் வரும்.
உன் நினைவில் என் கண்ணீர்,
உன் கூந்தலில் என் கனவு.

அதற்கும் கீழே, ‘தம் காதல் மனைவிக்குப் போர்முனையிலிருந்து எழுதியது’ என்று ஒரு வரி. குளம்பு சிலம்பாகிவிட்டது. தண்ணீர் கண்ணீராகிவிட்டது. வால் கூந்தலாகிவிட்டது. கடைசி நான்கு வரிகள் எங்கே என்று கேட்டதற்கு, பலகையில் இடம் போதவில்லை என்று பதில் வந்தது. அதே பலகையில், திறந்து வைத்தவர்களின் பெயர்கள் தாராளமான இடைவெளியோடு இருக்கின்றன.

4. நான் வாழ்நாளில் சிலம்பு அணிந்ததில்லை. என் கூந்தலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், தண்ணீர் போகிற வழியை அது அடைக்கிறது என்பதுதான். ஆனால் இப்போது கண்ணாடிக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட என் காலைப் பார்க்கிறார்கள். பேருந்துப் பணிமனையில் என் கணவரிடம், “வீட்ல சிலம்பு சத்தம் கேக்குதா?” என்று கேட்கிறார்கள். அவர் பொறுமைசாலி. ஒருநாள் மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “போனவர் எழுதினதுக்கு நான் எப்படிக் கோச்சுக்க முடியும்? அவர் எழுதாததுக்கு என்னைக் கோச்சுக்க வைக்கிறாங்களே!” என்றார். இதற்கு நகராட்சி என்ன பதில் சொல்லும்?

5. என் முதல் மனுவுக்குப் பிறகு ஆட்கள் வந்து, பலகைக்கு மேலே புதிய விளக்கு போட்டுவிட்டுப் போனார்கள். பிழை இப்போது இருட்டிலும் தெரிகிறது. இரண்டாவது மனுவுக்குப் பிறகு கம்பிவேலிக்கு வண்ணம் பூசினார்கள். மூன்றாவது மனுவில் ‘கோவேறு கழுதை’ என்ற சொல் இருந்ததால், அதைக் கால்நடைத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மருத்துவர் பையோடு கடைக்கு வந்து, “கழுதையை எங்கம்மா கட்டியிருக்கீங்க?” என்று கேட்டார். விவரம் சொன்னேன். நல்ல மனிதர், உட்கார்ந்து முழுக்கக் கேட்டார், கவிதையையும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, ‘கழுதை இல்லை, நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுத வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே எழுதினார். அத்துடன் என் புகார் முடித்து வைக்கப்பட்டதாகப் பதில் வந்தது.

6. பண்பாட்டு அலுவலரை நேரில் சந்தித்தேன். சொற்களை மாற்றியது தாம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். “கழுதைன்னு எப்படிம்மா போடறது? பெரியவங்க வந்து பூ வைக்கிற இடம். உங்களுக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?” என்றார். கடைசி வரிகளைப் பற்றிக் கேட்டபோது குரலைத் தாழ்த்தி, “திரும்பி நடந்திருப்பேன்னு ஒரு வீரர் சொல்லலாமா? பிள்ளைங்க படிக்கிறாங்க” என்றார்.

ஐயா, அவர் திரும்பி நடக்கவில்லை. அதனால்தான் இங்கே சிலை இருக்கிறது. திரும்பி வராத மனிதருக்குத் திரும்பி வர ஆசை இருந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூடவா உரிமை இல்லை?

7. அவர் இறந்த விதத்தையும் பலகை ‘எதிரியை நேருக்கு நேர் சந்தித்து’ என்று சொல்கிறது. உடன் இருந்தவர் சொன்னது வேறு. சாவடியில் ரேடியோவைக் கவனித்துக்கொண்டவர் அவர். இன்றும் என்னை அண்ணி என்றும், என் இப்போதைய கணவரை அண்ணே என்றும் அழைப்பவர். அன்று மேலே காயம்பட்டவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டுகள் விழத் தொடங்கியதும் சீமாட்டி, சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில், பாதை நடுவே மறைவே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. பாறைக்குப் பின்னால் இருந்த கவிஞர் எழுந்து அதனிடம் போனார். போய் அதட்டவில்லையாம். வழக்கம்போல மரியாதையாக, “வாங்க சீமாட்டி, போகலாம்” என்றாராம். அது நடக்கத் தொடங்கியது. அடுத்த குண்டு இவர் பக்கத்தில் விழுந்தது. மிச்சப் பாதையைக் கழுதை தனியாக நடந்து, சாவடி வாசலில் போய் நின்றது. தண்ணீர் சிந்தவில்லை.

“அந்தத் தண்ணியத்தான் அண்ணி எல்லாரும் குடிச்சோம். நானும் குடிச்சேன். வேணாம்னு சொல்ல முடியல, அவ்வளவு தாகம்” என்றார் ரேடியோக்காரர். இதில் எது கௌரவக் குறைவு என்று எனக்கு விளங்கவில்லை.

8. இனி, இடையூறு செய்ததாகச் சொல்லப்படும் நாள். என்னை மேடைக்கு அழைத்தார்கள். என் கணவரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியவில்லை என்று சொல்லிப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கவிதையைச் சேர்ந்து சொன்னார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. தந்தையின் முகம் பார்க்காதவள். எல்லாரும் ‘சிலம்போசை’ என்றபோது ஒரு குரல் மட்டும் ‘குளம்போசை’ என்றது. ஆசிரியை நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே குரல், முன்பைவிடச் சத்தமாக. பண்பாட்டு அலுவலர் மைக்கை வாங்கி, “குழந்தை பாவம், அப்பா நினைப்புல தடுமாறுது” என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது.

அதுவரை நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் மைக்கைக் கேட்டேன். அவர் தரவில்லை. வாங்கிக்கொண்டேன். அறிவிப்பில் ‘பறித்தார்’ என்று இருக்கிறது, அதை மறுக்கவில்லை. “அவ தடுமாறல. சரியாச் சொல்றா” என்று சொல்லிவிட்டு, கவிதையை முதலிலிருந்து சொன்னேன். ‘ஈக்கள்’ என்ற இடத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். என் குரல் அந்த வெட்டவெளியில் எடுபடவில்லை.

அப்போது முன்னாள் வீரர்கள் வரிசையில் ரேடியோக்காரர் எழுந்தார். மிச்ச வரிகளை, இரைச்சலுக்கு நடுவே செய்தி அனுப்பும் பழக்கத்தில், சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பூங்காவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அவர் முடித்ததும் அதே வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த ஒருவர், “சீமாட்டியா? அந்தக் கழுதையா? என்னை எட்டி உதைச்சிருக்குதுய்யா!” என்றார். பக்கத்திலிருந்தவர், “உன்னை மட்டுமா?” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ‘நினைவிடத்தில் முறையற்ற சிரிப்பை ஏற்படுத்தினார்’ என்று அறிவிப்பு சொல்வது இதைத்தான். சிலை வைத்த நாள் முதல் அந்த இடத்தில் அவரை உண்மையாகவே தெரிந்தவர்கள் அவரை நினைத்துச் சிரித்தது அன்றைக்குத்தான் ஐயா. அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இதுவே என் விளக்கம். மன்னிப்பு கேட்க என்னால் இயலாது.

9. இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம், பலகையை எடுத்துவிட்டு அதே வாசகத்தைக் கருங்கல்லில் வெட்டப் போகிறார்கள். கல் வந்து இறங்கிவிட்டது. வெட்டுபவரிடம் பேசினேன். “பலகைன்னா கழட்டிடலாம். கல்லுல வெட்டிட்டா, அப்புறம் கல்லைச் செதுக்கித்தான் எடுக்கணும்மா. மேலிடத்துலேர்ந்து எழுத்துல வந்தா நிறுத்தறேன்” என்றார். வரும் வாரம் உளியை எடுக்கிறார். எனவே,

அ) கல்வெட்டு வேலையை உடனே நிறுத்திவைக்க எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

ஆ) கவிதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, கடைசி நான்கு வரிகளோடு வெட்ட வேண்டும். இடம் போதாவிட்டால், திறந்து வைத்தவர்கள் சற்று நெருங்கி நிற்கலாம்.

இ) ‘காதல் மனைவிக்கு’ என்பதை நீக்கி, ‘எங்கள் கோவேறு கழுதைக்கு’ என்று சேர்க்க வேண்டும். அவர் இறந்தது காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈ) இந்த மனுவைக் கால்நடைத் துறைக்கு அனுப்பக் கூடாது.

10. ஒரு கவிதை உங்களைப் பற்றியது என்று ஊரே சொல்லும்போது ஏன் மறுக்கிறீர்கள், பேசாமல் வைத்துக்கொள்ளலாமே என்று பண்பாட்டு அலுவலர் கேட்டார். தாங்களும் கேட்கக்கூடும். கவிஞர் எனக்குக் கவிதை எழுதியதே இல்லை. கல்யாணமான புதிதில் நானே கேட்டிருக்கிறேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “பக்கத்துல இருக்கறவளுக்கு எதுக்குக் கவிதை? பேசினாப் போதாதா?” என்றார். நிறையப் பேசினார். அந்தப் பேச்சு முழுவதும் என்னிடம் இருக்கிறது. அதைக் கல்லில் வெட்டச் சொல்லி நான் எந்த அலுவலகத்திலும் கேட்கப் போவதில்லை. கழுதைக்கு எழுதியதைக் கழுதைக்கே கொடுத்துவிடுங்கள்.

தங்கள் உத்தரவைக் கல்வெட்டுபவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது வரும்வரை, வேலை நேரம் போக மீதி நேரம் அந்தக் கல்லின்மேல்தான் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: நினைவுப் பூங்கா, கல்லின்மேல்.
நாள்: உளி எடுக்கும் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழன்.

உண்மையுள்ள,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரி

கவிதையின் சொற்கள் சரியென உறுதி செய்பவர்:
(ஒப்பம்)
ரேடியோக்காரர்