சோஹார் வண்டியில் இரண்டு ஒற்றர்கள்

நேற்று ரூமில் சமையல் முறை என்னுடையது. வாழைக்காயைத் தோலோடு வேகப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த ஆவி முகத்தில் அடித்தது. கையில் கத்தி, கண்ணில் தண்ணீர். மேல் கட்டில் நேபாளிப் பையன் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாய்?" என்றான். வெங்காயம் என்றேன். ஆம்பிளைகள் மட்டும் குடியிருக்கும் ரூமில் வெங்காயத்தைப் போல் உபகாரி வேறு யாருமில்லை.

உனக்குத் தெரியும், நாம் முதன்முதலில் சண்டை போட்டதே இந்த வாசனைக்காகத்தான். துபாய் அல் கூஸ் கேம்ப் சமையலறையில் நீ வாழைக்காயை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாய். கதவு நிலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே பழகிய ஆறரை அடி உகாண்டாக்காரன். "இது எங்க ஊர்ச் சமையல்" என்றேன். "எங்க நாட்டுக்கே இதுதான் சோறு. உங்க ஆளுங்க எங்க ஊர்ல கடை வைக்க வந்தப்போ பார்த்துக் கத்துக்கிட்டிருப்பாங்க" என்றாய். கடை வைக்க வந்தவர்கள் குஜராத்திக்காரர்கள், நான் முதுகுளத்தூர்க்காரன் என்பதை எந்த மொழியில் விளக்குவது? உனக்கு எல்லா இந்தியனும் ஒரே இந்தியன். எனக்கும் உன் கண்டம் முழுவதும் ஒரே ஊர். கணக்கு நேராகிவிட்டது.

நம் பேச்சே ஒரு கலவைக் கஞ்சி. ஹிந்தி அரை டம்ளர், இங்கிலீஷ் கால், அரபு ஒரு சிட்டிகை. மரியாதைக்குத் தமிழில் எழுதுகிறேன். கோபிக்காதே.

நம்மை ஒரே வண்டியில் ஏற்றியவர் ஹாஜியார். சத்வாவில் அவருடைய திரைச்சீலைக் கடைக்கு நான் திரை மாட்டும் பிட்டர், நீ புது டிரைவர். ஹாஜியார் கீழக்கரைப் பக்கத்து மனிதர். ஐந்து வேளைத் தொழுகையும் பத்து வேளைச் சந்தேகமும் உள்ளவர். அவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. "ஒரே ஊர்க்காரன் ரெண்டு பேர ஒண்ணா அனுப்புனா கூட்டுக் களவாணியாயிருவான் தம்பி. வேற வேற நாட்டுக்காரன அனுப்பு. ஒருத்தன் கண்ணு இன்னொருத்தன் மேலயே இருக்கும். கேமராச் செலவு மிச்சம்." அதனால்தான் எங்கள் கடையில் தமிழனோடு பாகிஸ்தான் பட்டாணியன் போவான், வங்காளியோடு பிலிப்பினோ போவான். இனத்துக்கு இனம் ஆகாது என்பதையே பூட்டாக மாட்டிக் கடை நடத்தியவர் அவர்.

ஒமான் பார்டர் தாண்டி சோஹாரில் ஒரு கல்யாண வீடு. மறுநாள் நிக்காஹ், அன்று சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் திரை தொங்க வேண்டும். புறப்படும்போது ஹாஜியார் என்னைத் துணிக் கட்டுகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "இவன டிரையலுக்குத்தான் வச்சிருக்கேன். நாளையோட தவணை முடியுது. கஸ்டமர் வீட்டுப் பொம்பளைங்க இவனப் பாத்தாப் பயப்படுறாங்கங்கிறான் மேனேஜர். நீ கூடவே இருந்து பாரு. இவன் சரியில்லேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டிக்கெட்டப் போட்டு அனுப்பிருவேன்."

எனக்கு இந்த மாதிரி வேலை அல்வா. பக்கத்து ரூம்காரன் போனில் பொண்டாட்டியிடம் என்ன பேசுகிறான் என்பதைச் சுவரில் காது வைக்காமலே சொல்லக்கூடியவன் நான். ஒரு நாட்டின் உளவுத்துறைக்குப் போயிருக்க வேண்டியவன். ஸ்க்ரூ டிரைவரோடு வீணாகிவிட்டேன்.

ஊரில் உன் மனைவிக்கு முதல் பிரசவம் நெருங்கியிருந்தது. சத்வா சிக்னல் தாண்டுவதற்குள் அதைச் சொல்லிவிட்டாய். "பிள்ளை பிறக்கும்போது அப்பன் வேலையோட இருக்கணும் பாய். வேற ஒண்ணும் வேண்டாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒற்றனிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

ஹத்தாவுக்கு முன்னால் ஒரு மலபார் டீக்கடையில் நிறுத்தினாய். ஜன்னல் வழியாக டீ வந்தது. எனக்குக் கண்ணாடிக் கிளாஸில். உனக்குப் பேப்பர் கப்பில். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்து டீக்கடைகளில் யாருக்கு எந்த டம்ளர் என்று சாதி பார்த்து வைத்த கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பம் நல்ல டம்ளர் பக்கம் இல்லை. கடல் தாண்டி வந்தும் அதே கணக்கா? "தம்பி, எனக்கும் பேப்பர் கப்புலயே குடு" என்றேன், சினிமாக் கதாநாயகன் குரலில்.

"அது பார்சல் கப்பாணு அண்ணா" என்றான் மலையாளிப் பையன்.

"குடுன்னா குடு. இவருக்கு எதுல டீயோ எனக்கும் அதுலதான்."

நீ என்னை நோய்வாய்ப்பட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். "பாய், நான்தான் பேப்பர் கப் கேட்டேன். கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறது?"

என் புரட்சி அந்த இடத்திலேயே ஆறிப்போனது. ஆனால் ஒன்று. நிஜமாகவே நீதான் கேட்டாயா என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை துருவியிருக்கிறேன். ஒரு முறைகூட நேர் பதில் சொன்னதில்லை. சிரிப்பாய், கியர் மாற்றுவாய்.

பார்டரில் அதிகாரி நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தோனோ பாய் ஹை?" என்றார். அண்ணன் தம்பியா என்கிறார். அந்த மாதம்தான் நான் முகத்துக்குச் சிவப்பழகுக் கிரீம் போட ஆரம்பித்து ஒரு டியூப்பைக் காலி செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "நோ சார். ஹீ இஸ் மோர் பிளாக்." அதிகாரி சிரித்தார். ஆனாலும் உன் பையை மட்டும்தான் திறக்கச் சொன்னார். கடைசிக் காலுறை வரை வெளியே வந்து மேஜையில் கிடந்தது. என் பையை யாரும் தொடவில்லை. நீ ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு வண்டியில் ஏறி, "ஒவ்வொரு பார்டர்லயும் என் சாக்ஸுக்கு நல்ல காத்து கிடைக்குது" என்றாய். நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் ஏனோ நிறுத்திக்கொண்டேன்.

சோஹார் வீட்டில்தான் உலகம் தலைகீழானது. மணப்பெண்ணின் தாயார் வாசலுக்கு வந்தார். உன்னைப் பார்த்துப் பயப்படுவார், மேனேஜர் வாய்க்குச் சர்க்கரை போடலாம் என்று நான் காத்திருந்தேன். அவரோ உன்னிடம் ஏதோ கேட்டார். நீ ஏதோ சொன்னாய். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபாராம். நீ மொம்பாசாவுக்கு லாரி ஓட்டிய காலத்தில் கற்ற சுவாஹிலி அங்கே வந்து உதவியது. அப்புறம் என்ன? நீ விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் மெத்தை மேல், கையில் காவா காப்பி, எதிரே தட்டில் ஒமான் அல்வா. நான் ஏணி மேல், வாயில் ஸ்க்ரூ.

நடுவில் அவர் என்னைக் காட்டி ஏதோ விசாரித்தார். நீ சொன்ன பதிலில் "ஹெல்பர்" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. என் பங்கு அல்வா படிக்கட்டில் வந்து சேர்ந்தது.

அந்த எரிச்சலில்தான் அது நடந்தது. மணப்பெண் அறைக்கு மயில் போட்ட பட்டுத் திரை. நான் மாட்டி முடித்து இறங்கிப் பார்த்தால், மயில் கூட்டம் முழுவதும் தலைகீழாகத் தொங்குகிறது, வௌவால் மாதிரி. அந்த அம்மாள் உள்ளே வந்து வாயில் கை வைத்துக்கொண்டார். நீ அல்வா ஒட்டிய விரலோடு ஓடி வந்தாய். அவரிடம் ஏதோ சொன்னாய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னே?"

"இந்தியாவுல பட்டுத்துணிய முதல்ல தலைகீழாத் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுப்பாங்க, அப்புறம்தான் நேரா மாட்டுவாங்கன்னு சொன்னேன். யல்லா, ஏணியப் பிடி."

பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி மயில்களை நீ தரையில் நின்றபடியே நிமிர்த்திவிட்டாய். சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருந்தது.

திரும்பும் வழியில் நீ வேகத்தைக் குறைத்தாய். பிறகு, "பாய், ஒண்ணு சொல்லணும். ஹாஜியார் உன்னப் பார்த்துக்கச் சொன்னார். வேலை நேரத்துல தூங்குறியா, கஸ்டமர்கிட்ட டிப்ஸ் கேக்குறியான்னு" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்ததா, அவமானம் வந்ததா தெரியவில்லை. "என்னையும்தான் உன்னப் பார்த்துக்கச் சொன்னார்" என்றேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டாய். ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் மேலே கட்டியிருந்த ஏணி ஆடியது.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்: "நீ என்ன சொல்லப் போறே?" கண் ரோட்டிலேயே இருந்தது. டூட்டி நேரத்தில் மஜ்லிஸில் அல்வா தின்ற டிரைவர் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் உனக்குக் கலாஸ், வேலை போச்சு. உன் பிள்ளை பிறக்கும்போது நீ ஊரில் வேலை தேடிக்கொண்டிருப்பாய்.

"தங்கமான பையன்னு சொல்லப்போறேன்" என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஹாஜியாரை எனக்குத் தெரியாதா? தமிழன் ஒருத்தன் உகாண்டாக்காரனைப் புகழ்ந்தால், ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அவர் முடிவு கட்டுவார். டிரையலில் இருப்பவனுக்குத்தான் முதல் வெட்டு. உன்னைக் காப்பாற்ற ஒரே வழி, திட்டுவது. அதுவும் வேலைக்குப் பழுதில்லாமல் திட்டுவது.

ஹத்தாவிலிருந்து சத்வா வரை ஒத்திகை பார்த்தோம். நிறத்தைத் தொடக்கூடாது, தாயைத் தொடக்கூடாது என்று விதி போட்டது நீ.

காலையில் கடையில் ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார், "என்னா தம்பி, எப்படி?"

"இவன்கூட மனுசன் போவானா ஹாஜியார்? வழியில ஒரு எடத்துல கால நீட்ட விடல. மஞ்ச லைட்டு விழுந்தாலே வண்டிய நிப்பாட்டுறான். டூட்டி டூட்டின்னு உயிர எடுக்குறான்."

நீ என் மேல் பாய்வதுபோல் வந்தாய். "திஸ் மேன் கிரேஸி, ஹாஜி. சாப்பிடக் கூப்பிட்டா ஏணிய விட்டு எறங்க மாட்டேங்கிறான். ஒரு கம்பி ஒரு நூல் சாஞ்சாலும் திரும்பக் கழட்டுறான். எனக்கு வேற ஆள் குடுங்க."

ஹாஜியார் முகத்தில் நோன்புப் பெருநாள் பிறை தெரிந்தது. "வேற ஆளெல்லாம் மாஃபி. இனிமே ரெண்டு பேரும்தான் ஒண்ணாப் போறீக" என்றார். அன்று மதியமே உன் விசா வேலை நகர்ந்தது. மகள் பிறந்த செய்தி வந்தபோது நாம் ராஸ் அல் கைமா ரோட்டில் இருந்தோம். கடைக்குப் போனதும் எல்லார் முன்னாலும், "பிள்ள இவன் காலோட பிறந்திருந்தா தொட்டில் பத்தாது" என்று திட்டினேன். நீ என் கழுத்தைப் பிடித்து இறுக்கினாய். பார்த்தவர்கள் விலக்கிவிட ஓடி வந்தார்கள். நீ என்னைக் கட்டிப் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப்பின் எத்தனை வருடம் திட்டியிருப்போம். நீ ஊருக்கே திரும்பிப் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வாய்ஸ் மெசேஜில் வசவு வரும். பதில் வசவு நான் அனுப்புவேன். நலம் விசாரிக்க நமக்கு வேறு மொழி பழகவில்லை.

போன வாரம் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இப்போது அவருக்குக் குரல் நடுங்குகிறது. "தம்பி, அந்த உகாண்டா டிரைவரு நெஞ்சு வலில மவுத்தாயிட்டானாம். ஒனக்கும் அவனுக்கும் ஆகாதுதான். இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு."

என் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்தது. "தொலையட்டும் ஹாஜியார். அங்கயாவது மஞ்ச லைட்டு இல்லாம இருக்கணும்."

ஹாஜியார் தஸ்பீஹை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "செத்தவன இப்படிப் பேசுறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுப்பதில்லை. கடைப் பையன்களிடம், அவன் நெஞ்சு கல்லு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை என்கிறாராம். பையன்களும் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஒரு வார்த்தையில் அவருக்கு விளக்கிவிடலாம். உன் மகள் பிறந்த கதையையும் மயிலையும் சொன்னால் அழுதுவிடுவார், பாவம். ஆனால் சொல்லப்போவதில்லை. உனக்கு ஆகாதவன் என்ற பெயரைப் பாடுபட்டுச் சம்பாதித்திருக்கிறேன். என்னிடமே இருக்கட்டும்.