கல்யாணமான டீச்சருக்கு இடமில்லை

பிப்ரவரி 4, திங்கள்

பள்ளிக்கூடத்தில் நான் கல்யாணமாகாதவள். வீட்டுக்கார அம்மாவைப் பொறுத்தவரை என்னோடு குடியிருப்பவர் என் அண்ணன். எனக்கு மட்டும்தான் அவர் புருஷன்; பதிவாளர் ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டு எட்டு மாதமாகிறது. அரசுப் பள்ளிச் சட்டம் அப்படி: டீச்சர் கல்யாணம் செய்துகொண்டால் அன்றோடு வேலை போய்விடும். வாத்தியார்களுக்கு அது கிடையாது. ஆண்களுக்குக் கல்யாணம் ஆனாலும் வாய்ப்பாடு மறக்காது போலிருக்கிறது.

பிப்ரவரி 9

வீட்டுக்கார அம்மா படியில் வழிமறித்தார். "உங்க அண்ணனுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கேன்மா. நல்ல இடம்." சிரிப்பதா, அழுவதா? அண்ணனுக்கு இப்போது அந்த யோசனை இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். வீட்டில் அவரிடம் சொன்னால், "பொண்ணு எப்படியாம்?" என்று கேட்கிறார். கொழுப்பு.

பிப்ரவரி 20

நாள் தள்ளிப்போனது சும்மா இல்லை. டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். சந்தோஷப்படலாம் என்றால் பயம் முந்திக்கொள்கிறது. இன்னும் எத்தனை நாள் மறைக்க முடியும்? வயிறு தானே சொல்லிவிடாதா? என் மூன்றாம் வகுப்பை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் — இப்போதுதான் பிள்ளைகளுக்கு வகுத்தல் பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டசபையில் பேசுகிறார்களாம். பேசட்டும். பேச்சுக்கு என்ன பஞ்சம்?

மார்ச் 2

பெரிய டீச்சர் எதிரே வந்தாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறேன். போன வருடம் கல்யாணம் நிச்சயமான தையல் டீச்சர் அழுதுகொண்டே ராஜினாமாவை நீட்டியபோது, தலைமையாசிரியை என்ற முறையில் வாங்கி மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். முகத்தில் ஒரு அசைவு? ம்ஹூம். மனுஷியா, கல்லா?

மார்ச் 17

ராத்திரி வேலை முடிந்து விடியும்போது என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். விரலெல்லாம் மை. பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர் ஆயிற்றே. "பாஸாயிடுச்சுடி! அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க! நான்தான் அந்தச் செய்தியைக் கோத்தேன். சந்தோஷத்துல ரெண்டு எழுத்தைத் தலைகீழா வச்சுட்டேன்."

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா. அப்பாடா. வேறு வார்த்தையே வரமாட்டேன் என்கிறது.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னேன். "எந்த அண்ணன் தங்கச்சி வீட்ல வந்து பாத்திரம் கழுவுறான்? பொண்ணு பாத்திருக்கேன்னு சொன்னாலாவது உண்மையச் சொல்லிடுவியான்னு பாத்தேன். அசைஞ்சியா நீ!"

மார்ச் 18

பெரிய டீச்சர் முன்னால் போய் நின்று கல்யாணம், குழந்தை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இவ்வளவு நாள் மறைத்ததற்கு நடவடிக்கை எடுப்பாரோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கம்மா காலத்துல பொண்ணுங்க பள்ளிக்கூடம் பக்கமே வரக் கூடாது. என் காலத்துல படிக்கலாம், சொல்லிக் கொடுக்கலாம், கல்யாணம் மட்டும் கூடாது. ஒவ்வொரு சட்டமும் கதவை ஒரு சாண்தான் திறக்குது."

பிறகு, "உன் வீட்டுக்காரர் எத்தனை வருஷம் காத்திருந்தார்?"

"மூணு வருஷம், டீச்சர்."

"மூணுதானா?"

அவ்வளவுதான். வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார். வேலை இருக்கிறது! எனக்கு வேலை இருக்கிறது! பிள்ளைகளுக்கு இன்று ஒரு கணக்குகூடக் கொடுக்கவில்லை.

மார்ச் 25

காலையிலிருந்து வாந்தி. ஒளிந்து எடுக்க வேண்டியதில்லை என்பதே ஒரு சுகம்.

ஏப்ரல் 3

இடைவேளையில் பெரிய டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள் என்றார். எனக்குத் திக்கென்றது. எதற்கு என்று கேட்டேன்.

"பதிவாளர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போடணும். உனக்குத்தான் அங்க எல்லாம் பழக்கமாச்சே."

"யாருக்கு, டீச்சர்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதுவரை சிவந்திருந்தது.

"எனக்குத்தான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இனியும் அவரைக் காக்க வச்சா நல்லா இருக்காது."

முழு நாளும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.