வெளியே ஏறும் புழுக்கள்

பிப்ரவரி 6
சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். தங்கச்சியை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டது நான்தானே! இன்று எல்லார் முன்னாலும் இயக்குநர் சொல்கிறார்: "உங்க தங்கச்சி கைராசிக்காரி. புழுவெல்லாம் எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க." நேற்று வரை கொழுக்க வைத்தது யார்? நிரந்தர வேலை ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு.

பிப்ரவரி 9
வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக் குழியில் தேங்கி அழுகிய மழைநீர்தான் இவற்றுக்கு வீடு. வால் நுனிக் குழலை மேலே நீட்டி மூச்சு விடும். வளர்ந்து ஈயானால் வெயில் விழும் இடத்தில் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பின்பக்கம் செம்பு நிறம், அதனால் எங்களுக்கு 'வால்சிவப்பன்'. காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் ஜாடிகளில் இருப்பவைதான் கடைசி.

"அதுங்களுக்குக் குளிருமாக்கா?" என்று கேட்கிறாள். லூசு.

மார்ச் 2
இயக்குநர் வெளியூரில். புழுக்கள் தண்ணீரை விட்டு மேலே ஏறத் தொடங்கிவிட்டன. கூட்டுப்புழுவாக மாற அவற்றுக்குக் காய்ந்த இடம் வேண்டும். அவளுக்கு இது முதல் வருடம், தெரியாது.

"ஐயோ பாவம், வெளிய வந்துடுச்சே!" கரண்டியால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி மூடியை இறுக்கினாள். கதவோரம் நின்று பார்த்தேன். வாயைத் திறந்தேன் — மூடிக்கொண்டேன்.

மார்ச் 3
தலைவலி என்று விடுப்பு போட்டேன். தலை வலிக்கவில்லை.

மார்ச் 11
எல்லாம் செத்து மிதக்கின்றன. தரையில் உட்கார்ந்து அழுதாள். "மேல வந்தா விட்டுடணும்னு நீ சொன்னியாக்கா? நான்தான் மறந்துட்டேனா?"

"சொன்னேன்டி. நீ எங்க காதுல வாங்கின?"

என் நாக்கு அழுகட்டும். சும்மா எழுதுகிறேன். சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 12
அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மே 20
என் நிரந்தர உத்தரவு வந்தது. புழு அறையில் இனி காளான் வளர்ப்பார்களாம். காட்டுப் பக்கம் போகவில்லை. போய் எதைப் பார்ப்பது?

இரவு அம்மா வீட்டில் சாப்பாடு. "அக்கா பேச்சைக் கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று அம்மா அவளைக் குத்தினாள்.

தங்கச்சி தலை நிமிரவில்லை. "இப்ப நல்லா ஞாபகம் வருதுக்கா. ரெண்டு தடவை சொன்னே. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னே."

"ஆமா" என்றேன்.

தங்கச்சி என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.