மூன்று பக்க ஆம்பியரும் அடியில் ஒரு வரியும்

அன்புள்ள என் கணவருக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலம்தான் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் ஆம்பியரும் கெல்வினுமாக எழுதிவிட்டு, அங்கே அளவியல் ஆய்வுக்கூடத்தில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், உன் சம்மதம் வேண்டும் என்று அடியில் ஒரு வரி. படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்துபோனேன்.

நீங்கள் எழுதியதை அப்படியே பதினொன்றாம் வகுப்பில் நடத்தினேன். முடிவில்லாத நீளத்துக்கு இரண்டு கம்பிகள், இடையில் ஒரு மீட்டர், அவற்றுக்கிடையே உள்ள விசை என்று இத்தனை காலம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்த ஆம்பியர் இனி இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு ஓர் எண்ணை நிலையாக வைத்து, அதிலிருந்து மின்னோட்டத்தை வரையறுக்கிறார்கள் என்றேன். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, "அந்தக் கம்பிய இவ்ளோ நாளா யாரு மிஸ் பிடிச்சிட்டிருந்தா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடத்தவில்லை.

வெப்பநிலையை அளக்கும் கெல்வினுக்கும் இதே கதைதான். நீரும் பனிக்கட்டியும் ஆவியும் ஒன்றாக இருக்கும் கண்ணாடிக் குழாயை வைத்துச் சொன்னதை விட்டுவிட்டு, இப்போது ஒரு மாறிலியை வைத்துச் சொல்கிறார்கள். இனி எந்தக் குழாயையும் நம்பி இருக்க வேண்டாம், எங்கிருந்தும் அளக்கலாம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான்.

போன வாரம் குட்டிக்குக் காய்ச்சல் கொதித்தது. போன் செய்து நூற்று மூன்று என்றேன். "எந்தத் தெர்மாமீட்டர்? கடைசியா எப்ப சரிபார்த்த?" என்று கேட்டீர்கள். நானும் உங்களோடு குடித்தனம் நடத்திக் கெட்டுப்போனவள்தானே, பள்ளிக்கூடத்து வெப்பமானியையும் எடுத்து, இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை உள்ளே முனகிக்கொண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கா? முதல்ல டாக்டர்கிட்ட தூக்கிட்டுக் கிளம்பு" என்று அதட்டினார். இப்போது தேவலை. பயப்பட வேண்டாம்.

சம்மதம் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன். முன்பு இரண்டு தடவை சரி என்றேனே, அது சம்மதம் இல்லை, வாய் திறக்க அலுப்பு. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பழி என் தலையில் விழட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதை இனிமேல் எழுதித் தெரிவிக்க வேண்டாம், நான் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி