இல்லை என்று சொன்னேன்

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய்.

போன மாதம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். என் இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதை ஒன்றில் தடை இருக்கிறதாம். "பயப்படாதீங்க, நெறைய பேருக்கு இருக்கும்" என்றார் டாக்டர். பிறகு, "வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு எறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம்.

அன்றிலிருந்து மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் நம் தம்பி சாலமோன் என் பின்னால் நிற்கிறான். திரும்பிப் பார்க்க முடியவில்லை. மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் போனபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. குடித்துச் செத்தான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். "அவன் அன்னிக்கு குடிக்கலண்ணா, என் ஊட்ல துன்னுட்டுதான் போனான்" என்று கல்லறையில் நீ கத்தினாய். அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன்.

நேற்று டாக்டரிடம் மறுபடி போய்த் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப இதை சும்மா விடக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். கூடப் பொறந்தவங்களும் பாத்துக்கணும்" என்றார்.

நீ சொன்னதுதான் உண்மையாக இருக்கும்.

ஊத்துக்கோட்டையிலேயே ஈசிஜி எடுக்கலாம். நாளைக்கே போ. டாக்டர் கேட்டால் தம்பியைப் பற்றிச் சொல். என்னிடம் பேச வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

உன் அண்ணன்