பதினாறு நாள் என்னிடம் இருந்த கடிதம்

பிராண்டே
24.02.2002

அன்புள்ள மகள் நிரோஜினிக்கு,

அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் முழங்கால்தான் இந்தக் குளிரோடு ஒத்துப்போகவில்லை. நீ காய்ச்சல் ஒன்றும் பிடிக்காமல், நுளம்பு வலைக்குள் படுத்து நலமாக இருக்க முருகனை வேண்டுகிறோம். சியரா லியோனில் சண்டை முடிந்ததென்று துவக்குகளைக் குவித்து எரித்ததை இங்கே டிவியில் காட்டினார்கள், உன் கெனமா ஆஸ்பத்திரியும் தெரியுமா என்று அம்மா கிட்டப் போய் நின்று பார்த்தாள். ஊரிலும் நேற்று முன்தினம் சண்டை நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கிறது. சந்தோஷமாக எழுத வேண்டிய நேரத்தில் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அகதி முகாமில் நீ கண்டுபிடித்த அந்தத் தாயின் கடிதத்தையும் படத்தையும் அனுப்பி, என் ஃபாக்டரியில் வேலை செய்யும் அவருடைய மகன் சோரியிடம் உடனே கொடுக்கச் சொல்லியிருந்தாய். அது ஜனவரி முப்பதாம் திகதி வந்தது, நான் கொடுத்தது பெப்ரவரி பதினைந்தில். உண்மையைச் சொல்கிறேன் மகள். நீ லண்டனில் நேர்ஸ் என்றுதான் என்னோடு வேலைக்கு வரும் கனகசபை அண்ணைக்கும் கோயில் ஆட்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன், ஆபிரிக்கா என்று தெரிந்தால் உன் கலியாணப் பேச்சு குழம்பும் என்று பயம். கடிதத்தைக் கொடுத்தால் சோரி எல்லோருக்கும் உன்னைப் பற்றிச் சொல்வார். இன்னொன்றும் இருக்கிறது. போன மார்கழியில் பனி கொட்டிய ஒரு காலை அவர் என்னிடம் காரில் இடம் கேட்டார். காரில் நானும் கனகசபை அண்ணையும் மட்டும்தான், ஆனாலும் இடமில்லை என்றேன். கறுவலை ஏற்றினால் சனம் என்ன கதைக்கும் என்று நினைத்தேன், நான் என்னவோ வெள்ளைக்காரன் மாதிரி. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவரிடம் போவது? கடிதம் காரின் முன்பெட்டிக்குள் கிடந்தது, கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடமும் பொய் சொன்னேன். கார் துடைக்கும்போது அவள் அதைக் கண்டுவிட்டாள். “உங்கட அம்மான்ர கடிதத்துக்கு எத்தினை மாசம் தபால்பெட்டிக்குப் பக்கத்தில நிண்டனீங்கள், அது மறந்துபோச்சோ?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வேலை முடிய சோரியைக் காரில் ஏற்றி, கடிதத்தைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோனேன். படத்தைப் பார்த்தார், தன் அம்மா நடக்கிறாரா என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பிறகு வழி முழுக்கத் தன் நாட்டைப் பற்றியே கதைத்தார். கடலும் மலையும் ஒட்டி நிற்கும் ஃப்ரீடவுனில் விடுதலையான அடிமைகள் வந்து குடியேறினார்களாம். நம்மைப் போலவே ஆங்கிலேயனிடம் இருந்து, அறுபத்தோராம் ஆண்டு சுதந்திரமாம். மென்டே, டெம்னே என்று பல சனங்கள், இவர் கிழக்கே கோனோ. அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்ணை அரித்து வைரம் எடுப்பார்களாம், அந்த வைரம் துவக்காகத் திரும்பி வந்து அவர்களுடைய வீட்டையே எரித்ததாம். சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லையாம், மரவள்ளி இலையும் கறியாம். மூன்று வருடமாக ஃபாக்டரியின் ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் அவரும் சோறு, நானும் சோறு, மேசை மட்டும் வேறு வேறு. இறங்கும்போது, கடிதம் எப்போது வந்தது என்று கேட்டார். நேற்று என்று சொல்லிவிட்டேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “ஒரு நாள்கூடச் சுணக்காமல் கொண்டுவந்தீர்கள், நீங்கள் நல்ல மனிதர்” என்றார்.

அன்றிலிருந்து என் காரில்தான் வருகிறார். நீ எங்கே இருக்கிறாய் என்பதைக் கனகசபை அண்ணைக்குச் சொல்லிவிட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்பட்டும். கடிதத்தை வைத்திருந்ததைச் சோரியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்குக் காலை காரில் ஏறியதும் சொல்லிவிடுவேன்.

நீ கொதித்தாறிய தண்ணீர்தான் குடி, உடம்பைக் கவனி. முருகன் துணை இருப்பான். இத்துடன் சோரி தாய்க்கு எழுதிய பதிலை வைத்திருக்கிறேன், கிடைத்த அன்றே கொண்டுபோய்க் கொடு. மகனின் பதில் ஏன் இவ்வளவு பிந்தியது என்று அந்த அம்மா கேட்டால், எனக்காகத் தபாலில் பழி போடாதே. என் அப்பாதான் வைத்திருந்தார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சபாரத்தினம்