தவளைத்தோல் பஸ்

ஜூன் 14, சனி

ரதீஷ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என் பஸ் படத்தை எடுத்துவிட்டார்.

அவர் ஓட்டுகிற பள்ளுருத்தி–திருப்பூணித்துறை பஸ்ஸை முழ நீளத்தில் செய்திருந்தேன். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஜன்னல் கம்பி வரைக்கும் ஒட்டி, ஸ்ப்ரே டின்னில் பச்சை அடித்தது. மினியேச்சர் பஸ் குரூப்பில் படத்தை அவர்தான் ஆசையாகப் போட்டார். குரூப்பை நடத்துகிற அப்பு எல்லாரும் கேட்கும்படி வாய்ஸ் அனுப்பினான்: "பணி கொள்ளாம். பெயிண்டு பாத்தா தவளத்தோலு." வேலை நல்லாத்தான் இருக்காம், பெயிண்ட்தான் சொரசொரவென்று தவளைத்தோலாம். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அப்பு சொன்னதுகூடப் போகட்டும். இவர் ஏன் எடுக்கணும்? வெக்கமா? பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்ல வெக்கமா?

ஆகஸ்டில் திருப்பூணித்துறையில் குரூப்பின் கண்காட்சி. இதே பஸ்தான் அங்கே போகும்.

ஜூன் 17

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பழைய பெயிண்டை முழுக்கத் தேய்த்து எடுத்தேன். விரல் நுனி எரிகிறது.

ஜூன் 29, ஞாயிறு

மழை விட்ட நேரம். மொட்டைமாடியில், அட்டைப்பெட்டிக்குள் பஸ். டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். பஸ்ஸுக்கு வெளியிலேயே அழுத்த ஆரம்பித்து, மறுமுனை தாண்டிய பிறகுதான் விரலை எடுத்தேன். மெல்லிய பூச்சு, காயவிட்டு அடுத்தது.

சொரசொரப்பு போய்விட்டது. வழியவும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. அங்கெல்லாம் பெயிண்ட் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கிறது. தூசியாக இருக்கும். இன்னும் நன்றாகத் துடைக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன். இந்த முறை ஒவ்வொரு பூச்சுக்கு முன்னாலும் துவைத்த தோர்த்தால் அழுத்தித் துடைத்தேன். வீட்டில் இருப்பதிலேயே அந்தத் துண்டுதான் மெத்தென்றிருக்கும், நூல் உதிராது.

குழி கூடிவிட்டது! துடைக்கத் துடைக்கக் கூடுமா? என்ன கருமம் இது.

ரதீஷ் எட்டிப் பார்த்தார். "மதி சங்கரி, விடு. மழக்காலத்துல இது நடக்காது."

போதுமாம். மதியாவது.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடியும் குழி. ஆனால் பின்பக்கம் மட்டும் வழுவழு! இருட்டிக்கொண்டு வந்த மழைக்குப் பயந்து பின்பக்கத்தைத் துடைக்காமலே அடித்திருந்தேன். துடைத்த இடமெல்லாம் குழி, துடைக்காத இடம் சுத்தம் — அப்படியானால்?

கொடியிலிருந்து தோர்த்தை எடுத்து அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன். மங்கலாக ஒரு பட்டை விழுந்தது. முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். இரண்டு பேரும் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை துவட்டுகிற துண்டு. எவ்வளவு சோப்பு போட்டால்தான் என்ன? நானே பஸ்ஸுக்கு எண்ணெய் பூசிவிட்டு, பெயிண்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது.

ரதீஷிடம் காட்டினேன். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார்.

ஜூலை 23

மறுபடி உப்புத்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாத்திரம் கழுவும் சோப்பில் பஸ்ஸைக் கழுவி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். துடைக்கப் புதுத் துணி. என் தலைமுடியையும் துணி போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ரதீஷ் குளித்துவிட்டு வந்தார். முடி பறந்துகொண்டு நின்றது. தலையில் எண்ணெய் இல்லாமல் அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

"இன்னைக்கு எண்ணெ தேய்க்கல. பெட்டிய நான் பிடிக்கிறேன், நீ அடி."

ஆகஸ்ட் 4

ஒரு குழி இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கண்காட்சி. அப்பு எங்கள் பஸ்முன் குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு ரதீஷிடம், "சேட்டா, இது எந்த ஒர்க்ஷாப்புல கொடுத்து அடிச்சது?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஒர்க்ஷாப்பா? இவ அடிச்சது. அன்னைக்கு நீ தவளத்தோலுன்னு சொன்னியே, அதே பஸ்ஸுதான்."

திரும்பி வரும்போது போனைத் திறந்தேன். இவர் போட்ட புதுப் படம் குரூப்பில் இருக்கிறது, கீழே என் பெயரோடு. நான் கேட்கவே இல்லை.

பஸ் அவர் மடியில். வீடு வரும்வரை என்னிடம் கொடுக்கவில்லை.